சேர்ந்து உட்காரக் கட்டணம்

அவரை நான் முதலில் பார்த்தது ஈப்போவில், நான் வேலை செய்யும் பல் கிளினிக்கில். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, பஞ்சைக் கடித்தபடி என் மேசைக்கு வந்தார். பில்லை வாங்கிக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்தார். பிறகு ஒரு வரியின் மேல் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார். வாயில் பஞ்சு இருந்ததால் பேச்சு குழறியது. ஆனாலும் கேள்வி புரிந்தது.

"இது எதுக்கு?"

கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் போடும் கட்டணம். பெருந்தொற்றுக் காலத்தில் சேர்த்தது, அப்புறம் யாரும் எடுக்கவில்லை. விளக்கினேன். கையுறை போடாமல் டாக்டர் பல் பிடுங்குவாரா என்று கேட்டார். மாட்டார் என்றேன். அப்படியானால் அது பல் பிடுங்கும் கூலியிலேயே அடங்க வேண்டும், தனியாக எழுதக் கூடாது என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் கால் மாற்றி நின்றார்கள். டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அதற்குள் அவர் மனைவி கைப்பையைத் திறந்து மொத்தத்தையும் கட்டிவிட்டு, என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். தப்பாக நினைக்காதே என்பது போல. பிறகு அவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

மறு மாதம் நான் ஈப்போவிலேயே சிலிபின் பகுதியில் வாடகைக்கு வீடு பார்த்துக் குடிபோனபோது, பக்கத்து வீட்டு வாசலில் அந்த இருவரும் நின்றிருந்தார்கள். மனைவி, பிறகு நான் அக்கா என்று கூப்பிட்டவர், என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். கணவருக்கு என் முகம் நினைவில்லை. கிளினிக்கின் பெயரைச் சொன்னதும், "அந்தக் கையுறைக் காசு இன்னும் வாங்குறீங்களா?" என்றார்.

அவர் இப்போது இல்லை. வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். சில வருடம் பக்கத்தில் இருந்தவரைப் பற்றி யோசிக்கும்போது முதலில் காதில் விழுவது அந்த 'இது எதுக்கு?' என்ற கேள்விதான். காப்பிக் கடையில் ஐஸ் தண்ணீருக்குத் தனியாகக் காசு போட்டால் கேட்பார். பேரங்காடியில் கார் நிறுத்தும் சீட்டு கிழிந்துபோனதற்கு அபராதம் கேட்டால் கேட்பார். கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்கு மேல் தட்டுக்கு வாடகை என்று சொன்னபோது, சாமிக்கு எதிரில் நின்றே கேட்டார். சத்தம் போடமாட்டார். முகம் சிவக்காது. பதில் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டார், அவ்வளவுதான். அதுதான் மற்றவர்களால் தாங்க முடியாதது. வரிசையில் அவர் நிற்பதைப் பார்த்தால் தெரிந்தவர்கள் அடுத்த வரிசைக்குப் போனார்கள்.

அவரைக் கஞ்சன் என்று சொன்னவர்கள் உண்டு. அது சரியில்லை. எங்கள் வீட்டு வரிசையில் சாவு விழுந்தால் முதலில் கதவைத் தட்டிப் பண உறையைக் கொடுப்பவர் அவர்தான். என் அப்பா தைப்பிங் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் என்னைத் தன் காரில் கொண்டுபோய்க் கொண்டுவந்து விட்டார். காரின் எண்ணெய்க்குக் காசு கொடுக்கப் போனேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நோட்டைப் பைக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை அக்காதான் எனக்குச் சொன்னார். இருவரும் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவருடைய அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்கள். சம்பள நாளில் கணக்கெழுதும் கிராணி கூப்பிட்டுக் கொடுப்பதற்கு முன்பே அதில் பாதி எதற்கெல்லாமோ பிடித்தமாகப் போயிருக்கும். எதற்கு என்று கேட்க அந்த லயத்து வீடுகளில் ஒருவருக்கும் வாய் வராது. பின்னாளில் அவரே தொழிற்சங்கக் கிளையில் பொறுப்புக்கு வந்தார். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டு, குடும்பங்கள் வெளியேற வேண்டும் என்று ஆனபோது, நிர்வாகம் கொடுத்த இழப்பீட்டில் வீட்டுப் பழுதுபார்ப்புக்கென்று ஒரு தொகையைக் கழித்திருந்தது. அவர் ஆபீசுக்குப் போய் நின்றார். இடிக்கப்போகிற வீட்டுக்குப் பழுதுபார்ப்பு எதற்கு என்று கேட்டார்.  அவர் மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். கடைசியில் அந்தப் பிடித்தத்தை எல்லாக் குடும்பங்களுக்கும் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்தத் தோட்டத்து ஆட்கள் எத்தனையோ வருடம் கழித்தும் எங்காவது கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தால் எழுந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை ஒரு பெரிய இடத்தில் ஜெயித்துவிட்டது அந்தக் கேள்வி. அதனால் எல்லா இடத்திலும் அது ஜெயிக்கும் என்று அவர் நம்பிவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

அக்கா வேறு மாதிரி. சண்டை முடிந்து காருக்கு வந்த பிறகு, "கைக்குட்டைய விட்டுட்டேன்," என்று சொல்லித் திரும்பிப் போவார். போய், அவர் கட்டமாட்டேன் என்று சொன்ன காசைக் கட்டிவிட்டு வருவார். இரண்டு முறை நான் கூட இருந்தேன். அவருக்குத் தெரியுமா என்று கேட்டதற்கு, "தெரியாமயா இருக்கும்? அவருக்குக் கேக்கணும். எனக்குக் கடைக்காரன் மூஞ்சிய நாளைக்கும் பாக்கணும்," என்றார்.

அவர்கள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரே மகள், ஈப்போவில் காப்புறுதி அலுவலகத்தில் வேலை. புடவைகளைத் திருச்சியில் எடுத்தால் பாதி விலைக்கு வரும் என்று அக்கா ஆசைப்பட்டார். எனக்கும் திருச்சியில் ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. மூன்று பேரும் சேர்ந்து போகலாம் என்று முடிவானது. மகள்தான் கைப்பேசியில் டிக்கெட் எடுத்தாள். எல்லோரும் போகிற மலிவு விமானம்.

ஒவ்வொரு பக்கமாக அவள் தள்ளிக்கொண்டே வர, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தார். அவர் எல்லாவற்றையும் மறுத்தவர் இல்லை. பெட்டிக்குக் காசு என்றபோது சரி என்றார். எடை கூடினால் எண்ணெய் கூட எரியும், கேட்பது நியாயம். சாப்பாட்டுக்குக் காசு என்றபோதும் சரி என்றார். தின்பவன் கொடுக்கட்டும். இருக்கைக்குக் காசு என்று வந்ததும்தான் கையை நீட்டித் தடுத்தார்.

"டிக்கெட்டுன்னா உக்கார்றதுக்குத்தானே? நின்னுக்கிட்டா போவோம்?"

மகள் பொறுமையாகத்தான் சொன்னாள். இருக்கை எப்படியும் கிடைக்கும், எது என்பதைக் கம்பெனி முடிவு செய்யும், நாம் முடிவு செய்ய வேண்டுமென்றால்தான் காசு. எங்கே உட்கார்ந்தாலும் பரவாயில்லை என்கிறவன் ஏன் அதற்குக் கொடுக்க வேண்டும்? இப்படிப் பிரித்து விற்பதால்தான் டிக்கெட் இந்த விலைக்கு வருகிறது, இல்லையென்றால் நம்மைப் போன்றவர்கள் பறக்கவே முடியாது என்றாள். அதில் உண்மை இருந்தது. எங்கள் வரிசையில் அப்பன் பாட்டன் பிறந்த நாட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அத்தனை பேரும் அந்த விமானத்தில்தான் போனார்கள். அவர் சற்று யோசித்தார். பிறகு, ஒரே பேரில் ஒரே நேரத்தில் வாங்கிய இரண்டு டிக்கெட்டை யார் பிரிப்பது என்று கேட்டார். கம்ப்யூட்டர் என்றாள் மகள். "பிரிக்கிறது அவன். சேக்கறதுக்கும் அவனுக்கே காசா? என் செருப்ப எடுத்து எனக்கே விக்கிற மாதிரி இருக்குலா," என்றார். மகள் பெருமூச்சு விட்டுவிட்டு, இருக்கை எடுக்காமலே அந்தப் பக்கத்தைத் தள்ளினாள்.

போகும்போது இருவரையும் பிரித்துத்தான் போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. இறங்கியதும் அவர் ஜெயித்த மாதிரி சிரித்தார். "பாத்தியா தங்கச்சி, நாலு மணி நேரம். அதுக்கு ஒரு விலை வெச்சிருக்கான்."

திருச்சியில் நாட்கள் நன்றாகவே போயின. அக்கா கடை கடையாக ஏறி இறங்கினார். முகூர்த்தப் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். தனக்கு அல்ல, மகளுக்கு எப்படி இருக்கும் என்று. கடைசி நாளில் மட்டும் படியேறும்போது நின்று நின்று ஏறினார். வெயில் என்றார்.

திரும்பும் நாள் காலையில் விமான நிலையத்தில் எங்கள் இருக்கைகளைக் கொடுத்தார்கள். அவருக்கு, முன்பக்கத்தில் ஏழாவது வரிசையில் நடு இருக்கை. அக்காவுக்கு, பின்பக்கத்தில் இருபத்தாறாவது வரிசையில் நடு இருக்கை. எனக்கு அதற்கும் பின்னால். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். கவுண்டரில் இருந்த பெண் சின்ன வயது. "சார், முன்வரிசையில சேர்ந்தாப்ல ரெண்டு சீட் இருக்கு. பே பண்ணா மாத்தித் தரேன். பண்ணாம என்னால முடியாது சார். சிஸ்டம் விடாது," என்றாள். பெரிய தொகை ஒன்றும் இல்லை. நான் கட்டுகிறேன் என்று பையைத் திறந்தேன். நீ கட்டினாலும் நான் கட்டின மாதிரிதான் என்று தடுத்துவிட்டார். அக்கா, "விடும்மா, தூங்கிக்கிட்டே போயிருவேன்," என்றார். திரும்பிப் போய்க் கட்டிவிட்டு வர அங்கே வழி இல்லை. பெட்டிகள் ஓடும் பட்டையில் போய்விட்டன, பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள்.

விமானத்துக்குள் அவர் தன் இருக்கையில் பையை வைத்துவிட்டு அக்காவோடு பின்னால் வந்தார். இருபத்தாறாவது வரிசையில் ஜன்னலோரம் ஒரு பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். அவளிடம் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. நடைபாதை ஓரத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு நம் ஊர் ஆள். தான் இங்கே மனைவியோடு உட்காரலாமா, தம்பி முன்னால் போக முடியுமா என்று கேட்டார். அந்த ஆள் முன்னால் எந்த இருக்கை என்று விசாரித்தார். நடு இருக்கை என்றதும் தயங்கி, தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். மோட்டார் சைக்கிள் விபத்தில் உடைந்து உள்ளே தகடு வைத்த கால், நீட்டாமல் உட்கார முடியாது.

"அதுக்காகத்தான் காசு கட்டி இந்த சீட்ட எடுத்தேன் அங்கிள். சாரி."

அவர் தலையை ஆட்டினார். "காசு கட்டியிருக்க, உன்னுது. நியாயம்தான்," என்றார். பணிப்பெண் வந்து எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போகச் சொன்னாள். அக்காவின் தோளைத் தொட்டுவிட்டு அவர் முன்னால் போனார்.

பாதி வழியில் ஒருமுறை அவர் எழுந்து வந்ததை நான் பார்த்தேன். தள்ளுவண்டி போகும்வரை காத்திருந்து, நடந்து வந்து, அக்காவின் வரிசையருகில் நின்றார். அக்கா சால்வையைத் தலைவரை போர்த்திக்கொண்டு இருக்கையில் சாய்ந்திருந்தார். எழுப்ப வேண்டாம் என்று எனக்குக் கைகாட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

விமானம் இறங்கியது. கதவு திறந்ததும் முன்னால் இருந்தவர்கள் வழக்கம்போல முண்டிக்கொண்டு இறங்கினார்கள். அந்தக் கூட்டத்தோடு அவரும் போய்விட்டார், வெளியே காத்திருக்கலாம் என்று. எங்கள் பக்கம் ஆட்கள் நகர ஆரம்பித்தபோது, அந்தத் தகடு வைத்த காலுக்காரர், "ஆன்ட்டி, ஆன்ட்டி," என்று கூப்பிடுவது கேட்டது. குரல் மாறிக்கொண்டே போனது. நான் இருக்கைகளின் மேல் கை ஊன்றி முன்னால் வந்தேன். அக்காவின் கையைத் தொட்டேன். அதில் சூடே இல்லை.

அவரை யார் போய்க் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. இறங்கிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு எதிராக, பைகளை விலக்கிக்கொண்டு அவர் வந்தார். வருகிறவரிடம் பணிப்பெண் ஏதோ சொல்லித் தடுத்தாள். அவளைச் சுற்றிக்கொண்டு வந்தார். நாங்கள் எல்லோரும் நகர்ந்து இடம் கொடுத்தோம். காலியாகிவிட்ட விமானத்தில், அக்காவின் பக்கத்து இருக்கையில், அவர் உட்கார்ந்தார். டாக்டர் வரும்வரை அங்கேயே இருந்தார். 

இருதயம் என்றார்கள். உயிர் போய் இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார்கள். அந்தக் கணக்குப்படி அவர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பியபோது அக்கா தூங்கிக்கொண்டிருந்தாரா, இல்லையா என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. அவர் டாக்டரிடம் அதை மட்டும்தான் கேட்டார். பக்கத்தில் இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது, இப்படி வருவது ஒரு நொடியில் முடிந்துவிடும் என்று டாக்டர் ஆறுதலாகச் சொன்னார். "காப்பாத்துறத நான் கேக்கல டாக்டர்," என்றார் அவர். 

அக்காவை வேனில் ஈப்போவுக்குக் கொண்டுவந்தோம். புடவைப் பெட்டிகள் எங்கள் காலடியில் இருந்தன. சிம்பாங் பூலாய் தாண்டி வண்டி நகருக்குள் திரும்பியபோது, வீட்டில் மகள் இருப்பாள் என்று அவர் திடீரென்று சொன்னார். அதை அப்போதுதான் கண்டுபிடித்தவர் மாதிரி.

மகள் அன்று அழுதுகொண்டே இருந்தாள். காரியம் முடிந்த மறுநாள் அவளுடைய கைப்பேசிக்கு அந்த விமானக் கம்பெனியிலிருந்து ஒரு தகவல் வந்தது. டிக்கெட் எடுத்த எல்லோருக்கும் இயந்திரம் தானாக அனுப்புவது. உங்கள் பயணம் எப்படி இருந்தது, நட்சத்திரம் போடுங்கள் என்று கேட்டிருந்தது. அவள் அதைக் கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முன்னால் நீட்டினாள்.

"உங்க நியாயம் ஜெயிச்சிருச்சுப்பா. எத்தன ஸ்டார் போடட்டும், சொல்லுங்க."

அவர் கைப்பேசியை வாங்கிப் படித்தார், கண்ணுக்கு அருகில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக. திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். பிறகு அவள் என் தோளில் விழுந்து, அந்தப் பக்கத்தைத் தள்ளியது தன் விரல்தான் என்று அழுதாள். அவர் காதில் அது விழவில்லை. அப்பாவும் மகளும் ஒரே குற்றத்தை ஆளுக்கொரு அறையில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். நான் இடையில் போய் ஏதாவது சொன்னாலும் இருவருமே கேட்பதாக இல்லை.

கல்யாணம் சில மாதம் கழித்துக் கோயிலில், மேளம் இல்லாமல் நடந்தது. அம்மா எடுத்த புடவையைத்தான் அவள் கட்டினாள். பிறகு கணவனோடு ஜொகூருக்குப் போய்விட்டாள். வாரம் ஒருமுறை என்னைக் கைப்பேசியில் கூப்பிட்டு அப்பா சாப்பிட்டாரா என்று கேட்பாள். அவரை நேராகக் கூப்பிடமாட்டாள்.

பழைய சங்கத்து ஆட்கள் வந்தார்கள். இதை விடக் கூடாது, பயனீட்டாளர் மன்றத்துக்குப் புகார் கொண்டுபோவோம், பத்திரிகையில் எழுதவைப்போம், கணவன் மனைவியைப் பிரித்துப்போட்டுக் காசு பார்ப்பது என்ன தொழில் என்று நாடே கேட்கட்டும் என்றார்கள். இவரை விட்டால் இதைக் கேட்க யார் இருக்கிறார்கள் என்றார்கள். அவர் எல்லோருக்கும் காப்பி கொடுத்தார். கடைசியில் வேண்டாம் என்றார். அவர்கள் ஏமாற்றத்தோடு போன பிறகு, கோப்பைகளைக் கழுவ உதவிய என்னிடம் காரணத்தைச் சொன்னார்.

"நான் கேக்கறது சரிதான் தங்கச்சி. இன்னைக்கும் சரிதான். ஆனா அவங்க திருப்பி ஒண்ணு கேப்பாங்க. கட்ட முடியாமயா இருந்துச்சு, பின்ன ஏன் கட்டலன்னு. அதுக்கு நான் என்ன சொல்லுவேன்?"

அதன் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. காப்பிக் கடையில் சொன்ன தொகையைக் கொடுத்தார். மீதியை எண்ணிப் பார்க்காமல் பைக்குள் போட்டார். கோயிலில் தட்டுக்கு வாடகை கொடுத்தார். அவர் பின்னால் வரிசையில் நிற்க இப்போது யாரும் பயப்படவில்லை. பார்க்க எனக்குத்தான் சகிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. அந்தத் தகடு வைத்த காலுக்காரர். விமான நிலையத்தில் போலீஸ் விசாரித்தபோது என் எண்ணை வாங்கி வைத்திருந்தார். தைப்பிங்கில் குளிர்சாதனம் பழுதுபார்க்கும் வேலை. இத்தனை நாளாகத் தூக்கம் சரியில்லை, அங்கிளைப் பார்க்க வரலாமா என்று கேட்டார். அவரிடம் போய்ச் சொன்னேன். வரட்டும் என்றார்.

வந்தவர் பழக்கூடையை மேசையில் வைத்துவிட்டு, காலை நீட்டி, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்.  அப்புறம், தான் அன்றைக்கு எழுந்து போயிருக்கலாம், கால் வலித்தால் வலித்துவிட்டுப் போயிருக்கும் என்றார். கண் கலங்கியிருந்தது.

"உனக்குக் கால் முடியல. காசும் கட்டியிருக்க. உன் மேல ஒண்ணும் இல்ல தம்பி," என்றார் அவர். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அவ என்ன செஞ்சுக்கிட்டு வந்தா? அத மட்டும் சொல்லு. நீதானே பக்கத்துல இருந்த."

அந்த ஆள் நினைவுபடுத்திச் சொன்னார். ஆன்ட்டி முதலில் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டினார்கள். என் காலைப் பற்றி விசாரித்தார்கள், எந்த எண்ணெய் தேய்க்க வேண்டும் என்று சொன்னார்கள். மகளுக்குக் கல்யாணம் என்றார்கள். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது, வாயு என்று சொல்லி இஞ்சி மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்கள், எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். பணிப்பெண்ணைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்கள். சால்வையைப் போர்த்திக்கொண்டார்கள். அங்கிள் வந்து பார்த்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் தூக்கத்தில் தலை என் மேல் சாய்ந்தது.

அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உன் மேலயா?"

"ஆமா அங்கிள். தோள்ல. எழுப்ப வேணாம்னு நான் அப்படியே இருந்தேன். கடைசி வரைக்கும் நகரல. கை மரத்துப்போச்சு."

"எந்தத் தோளு?"

அந்த ஆள் வலது தோளைத் தொட்டுக் காட்டினார்.

அவர் எழுந்தார். சோபாவில் அந்த ஆளின் வலது பக்கம் போய் உட்கார்ந்தார். கையைத் தூக்கி, அந்தத் தோளின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். வெளியே மழை பிடித்து, வாசலில் காய்ந்த துணிகள் நனைய ஆரம்பித்தன. நான் எடுக்கப் போகவில்லை. அந்த ஆள் காலை மடக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, நகராமல் உட்கார்ந்திருந்தார்.